கட்டம் போட்ட துணியின் கதை



பிரிஞ்சாங் மலையில் மூடுபனி விலகி நல்ல வெயில் அடிக்கும் நாள் வந்துவிட்டால், நம் லயத்து வீடுகளின் முன்னே துணிக்கொடிகள் நிறைந்துவிடும். அந்தக் கொடிகளைச் சற்று உற்றுப் பாருங்கள். தாத்தாவின் கைலி, கொழுந்து பறிக்கப் போகையில் பாட்டி இடுப்பில் சுற்றிக்கொண்ட பழைய துணி, குழந்தைக்குத் தொட்டில் கட்டிய துணி, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி. இவற்றில் பாதிக்குமேல் கட்டம் போட்டவையாக இருக்கக் காண்பீர்கள். அடுத்த வரிசையில் குடியிருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளரின் கொடியிலும் அதே கட்டந்தான். பட்டணத்துத் தேநீர் விடுதியில் சுற்றுலாப் பயணிகள் அமரும் மேசைக்கு விரிப்பாகக் கிடப்பதும் சிவப்பும் வெள்ளையுமான கட்டத் துணிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. பூத்தையல் பழகுவதற்காக ஆளுக்கு ஒரு முழம் கட்டத் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பெரும்பாலான பிள்ளைகள் கடையில் புதுத் துணி வாங்கி வந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் தாத்தாவின் பழைய கைலியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்தாள். நன்றாகத் துவைத்து மடித்த துணி. ஆனாலும் பக்கத்துப் பிள்ளைகள் “கைலித் துணி, கைலித் துணி” என்று சிரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை துணியைப் பைக்குள்ளே திணித்துக்கொண்டு, “வீட்டில் மறந்து வைத்துவிட்டேன், டீச்சர்” என்று சொன்னாள். சிரித்த பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்தோம். ஆனால் அவளிடம் சொல்வதற்கு நம்மிடம் அன்று ஒரு நல்ல பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்த பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் இந்தத் துணி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

பூப்போட்ட சீட்டித் துணியில், வெள்ளைத் துணியை நெய்து முடித்த பின்னரே அச்சுக்கொண்டு பூவைப் பதிப்பார்கள். கட்டத் துணி அப்படி அன்று. இங்கே நூலுக்கு முதலில் சாயம் ஏற்றி, அதன் பிறகே தறியில் போடுவார்கள். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே நாடா கொண்டுபோகும் நூலுக்கு ஊடை என்று பெயர். பாவில் சில இழை வெள்ளை, சில இழை நீலம் என மாற்றி மாற்றி வைத்து, ஊடையிலும் அதே கணக்கில் வெள்ளையும் நீலமும் ஓட்டினால் கட்டம் தானாக விழும். வெள்ளையும் வெள்ளையும் சந்திக்கும் இடம் வெள்ளையாக இருக்கும். நீலமும் நீலமும் சந்திக்கும் இடம் ஆழ்ந்த நீலம். வெள்ளையும் நீலமும் சந்திக்கும் இடம் இளநீலம். நெசவாளர் ஏற்றியது ஒரே சாயம். நம் கண்ணுக்குத் தெரிவதோ மூன்று நிறம்!

வீட்டில் இருக்கும் ஒரு துண்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். சதுரமாக ஒன்றை ஒன்று ஒட்டிய எந்த நான்கு கட்டத்தை எடுத்தாலும் ஒன்று வெள்ளை, ஒன்று ஆழ்ந்த நிறம், இரண்டு இளநிறமாக இருக்கும். பின்னத்தைக் கரும்பலகையில் படிக்கும் பிள்ளைகளுக்கு, கால், அரை என்னும் கணக்கை இந்தத் துணியிலேயே காட்டிவிடலாம். துணியைத் திருப்பிப் போட்டாலும் அதே கட்டம், அதே நிறம். உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் இதற்குக் கிடையாது.

வெள்ளையும் ஒரே ஒரு நிறமும் சேர்ந்த இந்தச் சீரான கட்டத் துணியை ஆங்கிலத்தில் கிங்கம் என்பார்கள். நம் கைலியில் பல நிறங்கள் கலந்திருக்கும். கட்டங்களும் பெரிதும் சிறிதுமாக வரும். ஆயினும் நூலுக்குச் சாயமிட்டுக் கணக்குப் போட்டு நெய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றே. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

கிங்கம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரர் துணிக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மையில் இது மலாய்ச் சொல். மலாய் மொழியில் கெங்காங் என்றால் கோடு போட்ட துணி. அந்தச் சொல்லை டச்சுக்காரர் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குச் சென்றது. பிரான்ஸ் நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆயினும் அகராதி ஆசிரியர்களில் பெரும்பாலோர் மலாய்ச் சொல்லையே மூலமாகக் காட்டுகின்றனர். தொடக்கத்தில் கோடு போட்ட துணியைக் குறித்த இந்தப் பெயர், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் கட்டத் துணி நெய்யத் தொடங்கிய பின்னர், கட்டத்துக்கே உரியதாக நின்றுவிட்டது.

ஐரோப்பியர் வாங்கிய இந்தியத் துணிக்கு மலாய்ப் பெயர் வந்த காரணம் என்ன? அதற்கு விடை மலாக்காவில் இருக்கிறது.

500 ஆண்டுகளுக்கு முன் மலாக்கா உலகத்தின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. மொலுக்கஸ் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும், சீனத்துப் பட்டும் பீங்கானும் அங்கே வந்து குவிந்தன. அவற்றை வாங்க வந்த வணிகர் பலர் கையில் கொண்டுவந்த முதல் எது? பணமா, பொன்னா? பெரும்பாலும் துணிதான். குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் பருவக்காற்றை நம்பிக் கப்பல் கப்பலாகப் பருத்தித் துணி வந்தது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பீரேஸ் என்னும் போர்த்துக்கீசியர், அந்தத் துறைமுகத்தின் வாணிகத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். சோழமண்டலக் கரை வணிகரின் செல்வாக்கு அவருடைய நூலில் நன்றாகத் தெரிகிறது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது நைனா சாட்டு என்ற தமிழ் வணிகரைத்தான் அங்கே பெண்டாஹாராவாக, அதாவது தலைமை அதிகாரியாக, நியமித்தனர். அந்தக் காலத்து வணிகரின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் குடும்பங்கள் இன்றும் மலாக்காவில் வாழ்கின்றன. மலாய் பேசிக்கொண்டு மாரியம்மனையும் விநாயகரையும் வழிபடும் மக்கள் அவர்கள்.

சோழமண்டலக் கரையில் அந்தத் துணி ஏறிய துறைகளுள் முக்கியமானது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, உப்பங்கழியின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தனர். 1641-இல் அதே டச்சுக்காரர் போர்த்துக்கீசியரை விரட்டி மலாக்காவையும் பிடித்துக்கொண்டனர். துணி ஏறும் துறையும் இறங்கும் துறையும் இப்படி ஒரே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டன. ஐரோப்பியர் நாவில் பழவேற்காடு புலிக்காட் ஆயிற்று. மலாய் மக்கள் நாவில் அது பெலிக்காட் ஆயிற்று.

நேயர்களே, இந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதல்லவா? ஆம், காயின் பெலிக்காட்! நம் மலாய் அண்டை வீட்டார் வீட்டிலும் தொழுகைக்குப் போகும்போதும் உடுத்தும் கட்டம் போட்ட சாரோங்குக்கு அதுதான் பெயர். “பழவேற்காட்டுத் துணி” என்பதே அதன் பொருள். நம் நாட்டுச் சொல் ஒன்று கிங்கமாக ஆங்கிலத்தில் ஏறியது; தமிழ்நாட்டு ஊர் ஒன்று பெலிக்காட்டாக மலாயில் தங்கியது. இரண்டு பெயரும் ஒரே கடலைக் கடந்தவை. இன்று பழவேற்காடு மீனவர் வாழும் அமைதியான ஊர். பழைய டச்சுக் கல்லறைகள் அங்கே இன்னும் நிற்கின்றன.

துணிக்கு ஊரின் பெயர் கிடைத்தது, வாங்கியவரின் மொழியில் பெயர் கிடைத்தது. அதை நெய்தவர்கள் யார்?

அவர்கள் சோழமண்டலக் கரையின் கிராமங்களில் வாழ்ந்த நெசவாளர்கள். ஒருவர் தனியாகச் செய்து முடிக்கும் வேலை அது அன்று. பெண்கள் நூல் நூற்றார்கள். சாயக்காரர்கள் சாயவேரை இடித்துச் சிவப்பும், அவுரியை ஊறவைத்து நீலமும் எடுத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் நூலைச் சுற்றினார்கள். தெருவின் நீளத்துக்குப் பாவை ஓட்டிக் கஞ்சி போட்டு, தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து ஆண்கள் தறி இழுத்தார்கள். இத்தனை இழைக்கு வெள்ளை, இத்தனை இழைக்குச் சிவப்பு என்ற கணக்கு ஏட்டில் இருந்ததில்லை, தலையில்தான் இருந்தது. ஓர் இழை பிசகினாலும் துணியின் கடைசி முழம்வரை அந்தப் பிழை ஓடும்.

1639-இல் ஆங்கிலேயர் சென்னைப் பட்டினத்தில் கால் ஊன்றியதற்கு முக்கியக் காரணமும் இந்தத் துணிதான். அந்தப் பகுதியில் துணி மலிவாகக் கிடைக்கும் என்று கண்டே அவர்கள் இடம் பிடித்தனர். சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் கம்பெனியார் நெசவாளரையும் நூற்போரையும் குடியேற்றிய பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

கம்பெனியார் நெசவாளரிடம் வேலை வாங்கிய முறை நமக்குப் புதியது அன்று. இடைத்தரகர் வழியாக முன்பணம் கொடுப்பார்கள். அதை வாங்கி நூலும் அரிசியும் வாங்கிய நெசவாளர், குறித்த நாளில், குறித்த அளவில், குறித்த விலைக்குத் துணியைக் கொடுத்தாக வேண்டும். பஞ்சம் வந்து அரிசி விலை ஏறினாலும் துணியின் விலை ஏறாது. தரம் குறைவு என்று துணியைத் தள்ளிவிட்டால் கடன் தலைமேல் நிற்கும். முன்பணம் என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது மறுபடியும் வரும்.

இந்தத் துணி மலாக்காவோடு நின்றுவிடவில்லை. சென்னைக் கைக்குட்டை என்று ஐரோப்பியர் பெயரிட்ட கட்டத் துணி ஒன்று உண்டு. கைக்குட்டை என்றவுடன் சட்டைப்பையில் வைப்பது என்று எண்ணவேண்டாம். 36 அங்குலச் சதுரங்களாக ஒரே நீளத்தில் தொடர்ந்து நெய்த துணி அது. தலையில் கட்டலாம், இடுப்பில் உடுத்தலாம். பிற்காலத்தில் சீராலாவிலும் சைதாப்பேட்டையிலும் இதை நெய்தார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் இந்தியத் துணியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அங்கே எதற்காகக் கொடுத்தன தெரியுமா? மனிதர்களுக்கு விலையாக! நம் நெசவாளர் வியர்வை சிந்தி நெய்த துணியைக் கொடுத்து ஆப்பிரிக்க ஆண்களையும் பெண்களையும் வாங்கி, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக விற்றனர். அந்தத் துணி எதற்குப் போகிறது என்று நெய்தவருக்குத் தெரியாது. பழவேற்காட்டுத் துறையிலும் இந்தக் கொடுமை நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில் பசியால் விலைப்பட்ட நம் மக்களை டச்சுக்காரர் அங்கிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றினர். துணி மூட்டை ஏறிய துறையில் மனிதரும் ஏறினர்.

அமெரிக்காவில் லூசியானா என்ற பகுதியில் 1786-இல் ஆளுநர் ஓர் ஆணை போட்டார். கறுப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு வெளியே வரக்கூடாது. தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. அவர்களைத் தாழ்த்துவதே அதன் நோக்கம். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? நல்ல நிறமுள்ள துணிகளைத் தேர்ந்தெடுத்து, அழகழகான மடிப்புகளோடு தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். அப்படிக் கட்டிய துணிகளுள் சென்னைக் கட்டத் துணியும் ஒன்று. தாழ்த்துவதற்கு வந்த துணி தலைக்கு அணியாகிவிட்டது! கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய தீவுகளில் இன்றும் விழா நாட்களில் உடுத்தும் மரபு உடை, மத்ராஸ் என்று அவர்கள் அழைக்கும் கட்டத் துணியால் ஆனது.

அந்தத் தீவுகளுக்குத் துணிதான் முதலில் போனது. பிறகு யார் போனார்கள்? 1848-இல் பிரெஞ்சுக்காரர் தம் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தனர். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் சென்று இறங்கினர். பின்னர் ஆண்டுதோறும் சென்றவர்களில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பல் ஏறிய தமிழர் ஏராளம். மலாக்காவுக்குத் துணி போயிற்று. பின்னாளில் மலாயாவுக்கு நாம் வந்தோம். துணி போன வழியே ஆட்களும் போனார்கள்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் இயந்திரங்கள் வந்துவிட்டன. 1785-இல் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமம் பெற்றார். 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி, துணியின் தாயகமான இந்தியாவுக்கே வந்து குவிந்தது. கையால் நூற்ற பெண்களின் பிழைப்பு முதலில் போயிற்று. தறியை விட்டுக் கூலி வேலைக்குப் போன நெசவாளர் பலர். மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் நிலமில்லாத உழவுத் தொழிலாளர்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் துறைமுகத்துக்குத் தள்ளின. அவர்களைக் கட்டிவைத்த கயிறு எது? கங்காணி கொடுத்த முன்பணம்! நெசவாளரின் கையைத் தறியோடு கட்டிய அதே முன்பணம், நம் பாட்டனாரின் காலைத் தோட்டத்தோடு கட்டியது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938 வரை நீடித்தது. அந்த ஆண்டில் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது.

இனி நம் மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதினார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்ட கைகளில் நம் முன்னோரின் கைகளும் உண்டு. அதே 1929-இல்தான் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. இரப்பர் விலை விழுந்தது. 1930-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர், வேலை இல்லை என்று மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது அனுப்பிய கதை அது.

அந்த மந்த காலத்தில் அமெரிக்காவிலும் ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். துணிக்கும் உடைக்கும் அழகான பின்னல் சரிகை வைக்க அந்நாட்டுப் பெண்களுக்கு ஆசை. சரிகை வாங்கப் பணம் இல்லை. கையில் இருந்ததோ மலிவான கிங்கம் துணியும் கொஞ்சம் நூலும். அந்தக் கட்டத்தின்மேலேயே சரிகை போலத் தோன்றும் ஒரு பூத்தையலைப் போட்டார்கள். கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று கேலியாக அதற்குக் கோழிக் கிளறல் தையல் என்று ஒரு பெயர். மந்த காலத்துச் சரிகை என்பது இன்னொரு பெயர். கேலிப் பெயர் வைத்தாலும் அந்தத் தையலின் அழகு குறையவில்லை.

அதை நாமும் வீட்டில் செய்யலாம். கால் அங்குலக் கட்டமுள்ள நீலத் துணி ஒன்று, வெள்ளை நூல், நீல நூல், ஓர் ஊசி, இருந்தால் ஒரு வட்டச் சட்டம், இவ்வளவே போதும். கோடு போட வேண்டாம், அச்சு வேண்டாம், அளவுகோல் வேண்டாம். துணியின் கட்டமே வழிகாட்டும்.

ஒரு வெள்ளைக் கட்டத்தை நடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு மூலைகளில் நான்கு ஆழ்ந்த நீலக் கட்டங்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் வெள்ளை நூலால் ஒரு பெருக்கல் குறியும் அதன்மேல் ஒரு கூட்டல் குறியும் தையுங்கள். எட்டுக் கால் நட்சத்திரம் கிடைக்கும். அடுத்து, நடுக்கட்டத்தின் மேலும் கீழும் வலமும் இடமுமாக நான்கு இளநீலக் கட்டங்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் நடுவை நோக்கி ஒரு நேர்த்தையல் நீல நூலால் போடுங்கள். கடைசியாக, வெள்ளை நூலை ஊசியில் கோத்து அந்த நான்கு நேர்த்தையல்களின் அடியிலும் நுழைத்து இரண்டு சுற்று வட்டமாகக் கொண்டுவாருங்கள். சுற்றும்போது ஊசி துணியைக் குத்தக்கூடாது. நூலின் அடியில் மட்டும் போகவேண்டும். நூலை இறுக்கிவிட்டால் வட்டம் சதுரமாகிவிடும், தளர்வாக விடுங்கள். நட்சத்திரம் நான்கு, நடுவில் ஒரு வளையம். இந்த ஒன்பது கட்டம் ஒரு பூ. இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் துணி முழுவதும் சரிகை விரித்ததுபோல் இருக்கும்.

ஊசியே இல்லாமல் பூவேலை செய்தவர்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், கலபாரி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். இந்தியக் கட்டத் துணியை அவர்கள் இஞ்சிரி என்று அழைப்பார்கள். குழந்தை பிறந்தால் அந்தத் துணி. பெரியவர் இறந்தாலும் மரியாதைக்கு அந்தத் துணி. அந்தப் பெண்கள் இந்தியத் துணியிலிருந்து சில இழைகளை மட்டும் சிறு கத்தியால் அறுத்து உருவி எடுத்துவிடுவார்கள். எடுத்த இடம் மெல்லியதாகவும் எடுக்காத இடம் அடர்த்தியாகவும் நின்று, புதிய கோலம் ஒன்று துணியில் தோன்றும். தமிழ் நெசவாளர் கோத்த இழையை ஆப்பிரிக்கப் பெண் எடுக்கிறாள்; துணி கெடவில்லை, அவளுடையதாகிவிடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

நேயர்களே, இப்போது அந்தச் சிறுமியிடம் சொல்ல நமக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. அவள் பையில் ஒளித்துவைத்த துண்டின் உறவுகள் மலாக்காச் சந்தையில் மிளகுக்கும் கிராம்புக்கும் ஈடாக நின்றவை. அவள் சிரிப்புக்கு அஞ்சிய கட்டத்தைக் கடலுக்கு அப்பால் ஒரு பெண் தன் மானத்தின் அடையாளமாகத் தலையில் தூக்கிக் கட்டினாள். அது தாழ்ந்த துணி என்றால், அதை நெய்தவரையும் உடுத்தி உழைத்தவரையும் தாழ்ந்தவர் என்று சொல்வதாகும். அதை நம் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளலாமா?

இந்தத் துணிக்கு ஊரார் பல பெயர் வைத்தார்கள். கிங்கம், பெலிக்காட், மத்ராஸ், இஞ்சிரி. எல்லாம் துறையின் பெயர், சந்தையின் பெயர், நாட்டின் பெயர். நெய்த ஒருவருடைய பெயர்கூட எந்தத் துணியிலும் இல்லை. கொழுந்து பறித்தவரின் பெயர் தேயிலைப் பெட்டியில் இல்லாததுபோலத்தான் இதுவும். ஆகையால் தையல் பழகும் பிள்ளைகளுக்கு நாம் இப்போது ஒன்று சொல்லி வருகிறோம். துணியை முடித்ததும், மூலையில் உள்ள ஒரு கட்டத்தில் உன் பெயரின் முதல் எழுத்தைத் தை. துணி பாட்டியின் சேலையிலிருந்தோ தாத்தாவின் கைலியிலிருந்தோ வந்திருந்தால், பக்கத்துக் கட்டத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தையும் தை. ஆண்பிள்ளைகளும் தைக்கட்டும், குழித்தறியில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்தாமே!

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்று பெரியோர் சொன்னார்கள். கசக்கிக் காயப்போட்ட கந்தையில் நல்ல பகுதி ஒரு முழம் மிஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். இன்று மாலை வேலை முடிந்ததும் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, அதில் ஒரு வெள்ளைக் கட்டத்தையும் அதைச் சுற்றிய எட்டுக் கட்டங்களையும் தேடச் சொல்லுங்கள். கைலியில் சீரான கட்டம் கிடைக்காவிட்டால் இருக்கும் கட்டத்திலேயே நட்சத்திரம் போடட்டும். தைக்கும்போதே பழவேற்காட்டின் கதையையும் மலாக்காவின் கதையையும் நம் பாட்டனார் வந்த கதையையும் சொல்லிக் கொடுங்கள்.

அந்தச் சிறுமி அடுத்த வாரமே தன் கைலித் துண்டை வெளியே எடுத்தாள். அதில் அவள் போட்ட நட்சத்திரங்கள் சற்றுக் கோணலாகத்தான் வந்தன. மூலையில் இரண்டு எழுத்துகள் மட்டும் நேராக நின்றன.